சென்னை வழிக் கணக்கு

கடலூர் கூத்தப்பாக்கத்தில் விமானத்தைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் பொன்னுரங்கத்தைத்தான் தேடி வருவார்கள். அவர் ஒன்றும் விமான நிலையத்தில் வேலை பார்த்தவர் அல்லர். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வெண்மதி கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போன வருஷம், அவள் ஏறிய விமானம் எங்கே பறக்கிறது என்று பார்க்க மருமகன் அவருடைய கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்தார். கடலுக்கு மேல் மெல்ல ஊர்ந்த அந்த மஞ்சள் பொம்மை விமானத்தைப் பார்த்ததில் தொடங்கிய பழக்கம், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம், நடுவில் எங்கே காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் நாக்கு நுனிக்கு வருகிற அளவுக்கு முற்றிவிட்டது. பால் வாங்கப் போன இடத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார். "மஸ்கட்டா? நாலு மணி நேரம். காத்து எதிர்ல அடிச்சா கொஞ்சம் ஜாஸ்தி." தெருப் பிள்ளைகள் தனக்கு ஃப்ளைட்டு மாமா என்று பெயர் வைத்திருப்பது அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் பெருமைதான்.

அவருக்கு உடன்பிறந்தது ஒரே தங்கை, லோகநாயகி. சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தது. அவள் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒரே பையன் இளவரசு சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தான். கடலூரில் பேருந்து ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று கண்டக்டர் கூவி முடிப்பதற்குள் சிதம்பரம் வந்துவிடும். அவ்வளவு பக்கம் என்பதாலேயே பொன்னுரங்கம் போகாமல் இருந்தார். பொங்கல் போகட்டும், வெயில் தணியட்டும், மழை விடட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்குள் ஜெர்மனிக்கு இரண்டு தடவை போய் வந்துவிட்டார்.

லோகநாயகி அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. கேலி செய்வாள். "எங்க ஊருக்கு ஒரு ஃப்ளைட்டு வுட்டாத்தான் எங்கண்ணன் வரும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது காதுக்கு வந்ததும் பொன்னுரங்கம் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். விமான நிலையமே இல்லாத இரண்டு ஊர்களுக்கு நடுவிலும் பறக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுத் தருகிற ஒரு பக்கம் இருந்தது. நேர்கோட்டில் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். பறந்தால் பத்து நிமிஷம்கூட ஆகாது. உடனே தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பத்து நிமிசம்தானா? அப்ப ஒலை வெச்சிடுறேன், வந்துடுண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் இணைப்பைத் துண்டித்தாள். அவரும் சிரித்தார். அந்த வாரமும் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை.

அந்த வருஷம் ஆவணியில் பொன்னுரங்கத்தின் மகன் சேரனுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். பெண், மேல்பட்டாம்பாக்கம் கார்த்திகேசனின் மகள். முன்பு பேசிய இரண்டு இடங்கள் கடைசி நேரத்தில் கைநழுவிப் போயிருந்ததால், பொன்னுரங்கத்தின் மனைவி மங்கலம் இந்த இடத்தைக் கண்ணாடிப் பாத்திரம் போல ஏந்திக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, புதுப்பாளையத்தில் ஒரு சின்ன மண்டபம். மாப்பிள்ளையின் அத்தைதான் முதல் தட்டைத் தூக்க வேண்டும். அதற்கென்று லோகநாயகிக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் புடவை எடுத்து வைத்தார்கள். அவள் அங்கே சும்மா இருக்கவில்லை. தானும் ஒன்று எடுத்து வைத்திருப்பதாகவும், என்ன நிறம் என்பதை அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும் என்றும் போனில் சொல்லிச் சிரித்தாள். சேரன் அவள் வீட்டில் தங்கித்தான் நான்கு வருஷம் கல்லூரியில் படித்தான். தன் பிள்ளைக்கும் அவனுக்கும் அவள் ஒரே தட்டில் சோறு பிசைந்தவள்.

நாள் குறித்த பிறகு அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்து, அலையக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பொன்னுரங்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தார். பந்தி, பத்திரிகை, மேளக்காரர் என்று நாள் ஓடியது. நிச்சயம் முடிந்ததும் தட்டுப் பழத்தோடு போய்ப் பார்த்தால் அவளுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சனிக்கிழமை பேசியபோது அவள் குரல் மெலிந்திருந்தது. தட்டு மாற்றியதும் முதல் போன் தனக்குத்தான் வர வேண்டும் என்று ஆணை போல் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கொளஞ்சியப்பன் கூப்பிட்டார். மங்கலம் அப்போதுதான் வாசலில் பெரிய கோலம் ஒன்றைப் போட்டு முடித்திருந்தாள்.

"லோகா போயிட்டா மச்சான்" என்றார். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்கப்புறம், "இன்னிக்கு அங்க விசேஷம். என்ன செய்யலாம்னு நீயே சொல்லு" என்றார்.

பொன்னுரங்கம் யோசிக்கவே இல்லை. "என்னா மாப்ள பேசுற. நிறுத்திடுறோம். ஒடனே கிளம்புறேன்" என்றார். சொன்ன நிமிஷத்தில் அது உண்மைதான். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். முகம் கழுவி வெளியே வந்தபோது மங்கலம் கையில் கோலப்பொடியோடு நின்றிருந்தாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அவள் துடைத்து முடித்ததும் கேட்டது வேறு.

"இளவரசு வராம எடுக்க மாட்டாங்கதானே?"

அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நின்றார். மங்கலம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இப்போது நிறுத்தினால் தீட்டு கழிந்து வேறு நாள் பார்க்க வேண்டும். அதற்குள் பெண் வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நிச்சயத்தன்று சாவு விழுந்த இடம் என்று ஒரு கிழவி வாயைத் திறந்தால் போதும். இரண்டு தடவை பட்டாயிற்று. சேரனுக்கும் முப்பத்திரண்டு நடக்கிறது. பையன் சிங்கப்பூரில் இருந்து வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். மத்தியானத்துக்குள் தட்டை மாற்றிக்கொண்டு நேராகப் போய்விடலாம். நாத்தனாரே உயிரோடு இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

பொன்னுரங்கம் கைப்பேசியை எடுத்தார். பழகிய விரல், தானாகச் சிங்கப்பூரைத் தேடியது. இரண்டு விமானங்கள் வந்தன. முதல் வரியில் இருந்தது திருச்சிக்கு. காலையில் கிளம்பி, நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து, நம்மூர் நேரம் பத்தரைக்கே இறங்கிவிடும். அங்கிருந்து ஜெயங்கொண்டம், காட்டுமன்னார்கோயில் வழியாக வந்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் சிதம்பரம். அடுத்த வரியில் இருந்தது சென்னைக்கு, அது மதியம்தான் வந்து சேரும். இறங்கி, வரிசையில் நின்று, பெட்டி எடுத்து, கார் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர்ந்து வர வேண்டும்.

முதல் வரியை அவர் நன்றாகத்தான் படித்தார். பிறகு விரலால் மேலே தள்ளிவிட்டார்.

அடுத்த கால் மணி நேரத்தில் கொளஞ்சியப்பனிடமிருந்து மறுபடி போன் வந்தது. அவருடைய பங்காளி ராஜாமணிதான் பேசினார். ஊருக்கும் உறவுக்கும் எடுக்கிற நேரம் சொல்லியாக வேண்டும், பையன் எத்தனை மணிக்கு வந்து சேர்வான் என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் குடும்பத்தில் வேறு யாரிடமும் கேட்கிற வழக்கமே இல்லை.

"சென்னைக்குத்தான் வர முடியும். என்னா அடிச்சுப் புடிச்சு வந்தாலும் ஆறாயிடும்" என்றார் பொன்னுரங்கம்.

நாலரைக்கு மேல் ராகு காலம், ஆறு மணி வரை எடுக்க முடியாது, ஆறுக்கு மேல் என்றால் இருட்டிவிடுமே என்று ராஜாமணி இழுத்தார்.

"ஃப்ளைட்டு நம்ம கையிலயா இருக்குது?" என்றார் பொன்னுரங்கம்.

அந்த வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். குரல்கூட நடுங்கவில்லை. அதுதான் பின்னாளில் அவரை அதிகம் குடைந்தது.

மண்டபத்தில் எல்லாம் குறையில்லாமல் நடந்தது. வாசலில் நின்று அவரே பன்னீர் தெளித்தார். துக்கம் கேட்டு யாராவது கூப்பிட்டுவிடப் போகிறார்களே என்று தன் கைப்பேசியின் சத்தத்தை அடக்கி மங்கலத்தின் பைக்குள் போட்டார். மாப்பிள்ளைக்கு இன்றைக்கு என்ன போன் என்று சொல்லி மங்கலம் சேரனுடையதையும் காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டாள். அத்தை வர முடியாததால் முதல் தட்டை மங்கலத்தின் தங்கை தூக்கினாள். உங்க தங்கச்சி ஒடம்பு இப்ப எப்படி இருக்கு என்று கார்த்திகேசன் அக்கறையாக விசாரித்தார். பரவாயில்லை என்று சொன்னார் பொன்னுரங்கம். சொல்லிவிட்டு, பல்லிடுக்கில் எதுவோ மாட்டியது போல நாக்கைச் சுழற்றிக்கொண்டே நின்றார்.

தட்டு மாற்றினார்கள். சேரனின் நெற்றியில் சந்தனம் வைத்தபோது அவன், "அத்தைக்கு மொதல்ல போன் போடுங்கப்பா" என்றான். பந்தி முடியட்டும் என்றார் அவர்.

பந்தியில் பாயசம் வந்துகொண்டிருந்தது. சேரன் தன் அம்மாவின் பையில் இருந்து தன் கைப்பேசியைத் தேடி எடுத்துக்கொண்டு போனதை யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்தவன் இலைக்கு முன்னால் நின்றான். உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காட்டாமல், அப்பாவின் முகத்துக்கு நேராகத் திரையைப் பிடித்தான். இளவரசு அனுப்பியிருந்தான். அம்மா போயிட்டாங்கடா. திருச்சியில எறங்கிட்டேன். மாமா போனை எடுக்கலை. நீயாவது எடுறா.

பொன்னுரங்கம் பாயசத்தில் விரலை வைத்தபடி இருந்தார்.

"எப்பப்பா தெரியும்?" என்றான் சேரன்.

"காத்தால."

"காத்தாலன்னா? கோலம் போட்டுக்கினு இருந்தப்பவா, நான் குளிக்கிறதுக்கு முன்னயா?"

அவர் எழுந்தார். பக்கத்து இலைக்காரர் இன்னும் மோர் வரவில்லையே என்று உபசாரம் செய்தார். அப்பாவும் பிள்ளையும் கை கழுவுகிற இடத்துக்குப் போகிறவர்கள் போல நடந்து பின்பக்கமாக வெளியே வந்தார்கள். மங்கலம் ஓடி வந்து அந்த அரக்குப் புடவைப் பையை அவர் கையில் திணித்தாள். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. கோடி. பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி மேலே விழாமல் எடுக்கக் கூடாது. அண்ணன் கொண்டுவருகிற புதுப் புடவைக்காக ஐஸ் பெட்டி திறந்து கிடக்கும். அதை வாங்க வேண்டும் என்கிற நினைப்பே காலையில் இருந்து அவருக்கு வரவில்லை. லோகநாயகி தட்டுத் தூக்குவதற்காக எடுத்த புடவை, கோடியாகப் போகிறது.

சேரன்தான் காரை ஓட்டினான். கைப்பேசியில் தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. பாதி இளவரசு, பாதி சிதம்பரம். பொன்னுரங்கம் திருப்பிக் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. சாவு மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பது அவருக்குத் தெரியும்.

"உங்க கணக்குல ஆறுதானே, அத்தான் எப்படிப்பா ரெண்டு மணிக்கே வந்தாரு?" என்று சேரன் கேட்டான். இவர் ஆறு என்று சொன்னதையும் இளவரசு வந்துவிட்டதையும் ராஜாமணியிடமிருந்து வந்த ஒரு செய்தியில் அவன் படித்திருக்க வேண்டும். கேள்வியில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். அப்பாவின் விமானக் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பி அவன் பார்த்ததில்லை.

"திருச்சிக்கும் ஒண்ணு இருக்குது" என்றார்.

"தெரியுமா ஒங்களுக்கு?"

ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். நின்ற இடத்தில் பொன்னுரங்கத்துக்குத் தன் சட்டையில் இருந்த பன்னீர் வாசனை முகத்தில் அடித்தது. கண்ணாடியில் பார்த்தார். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் பாட்டிலைத் திறந்து வேட்டி நுனியை நனைத்துத் துடைத்தார். நெற்றி சிவந்ததே தவிர வாசனை போகவில்லை. சேரன் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

தெருமுனையில் பந்தல் தெரிந்தது. நாற்காலிகள் கலைந்து கிடந்தன. வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் திண்ணையையும் படியையும் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். சாமந்தி இதழும் பொரியும் தண்ணீரில் மிதந்து சாக்கடைக்குப் போயின. பிணம் போன பிறகுதான் வீட்டைக் கழுவுவார்கள். பொன்னுரங்கம் பையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றார்.

கழுவிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி ராஜாமணியின் மனைவி சந்திரலேகா. அவரைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "இப்பதாண்ணா எடுத்தாங்க. ராகு காலம் வந்துடும்னு பெரியவங்க அவசரப்பட்டாங்க" என்றாள். பிறகு, ஆறுதலாகச் சொல்கிற நினைப்பில், "நீங்க குடுத்தனுப்புன கோடியப் போட்டுத்தான் அனுப்பினோம். கத்திரிப்பூ கலரு. அண்ணங்காரன் பாத்துப் பாத்து எடுத்திருக்காருன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றாள்.

அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கை தானாகப் பின்னால் போனது. யாரோ அவர் பேரில் ஒரு கோடியைப் போட்டிருக்கிறார்கள். யாரோ அவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கையில் இருக்கிற இந்தப் பை இப்போது வெளியில் தெரிந்தால், அப்படிச் சொன்னவர் ஊரார் முன்னால் பொய்யராகிவிடுவார். பையின் மேல் மங்கலம் காலையில் வைத்த மஞ்சளும் குங்குமமும் வேறு பளிச்சென்று இருந்தன. தங்கைக்காக எடுத்த புடவையைத் திருட்டுப் பொருளைப் போல முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, அவர் பின்பக்கமாகவே நடந்து காருக்கு வந்தார். பின் சீட்டுக்குக் கீழே தள்ளி, மேலே ஒரு துண்டைப் போட்டார். சேரன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாய்க்கால் ஓரத்துச் சுடுகாட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். வறட்டியை அடுக்கி வைக்கோல் பரப்பி மண் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார் வெட்டியான். இன்னும் ஈரமாக இருந்த அந்த மண்ணுக்குக் கீழே எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்றுகூடப் பொன்னுரங்கத்துக்குச் சட்டென்று தெரியவில்லை. வைக்கோலுக்கு வெளியே, மண் பூசாத ஓர் ஓரத்தில், விரல் அகலத்துக்குக் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சரிகைக் கரை தெரிந்தது. வெட்டியான் ஒரு பிடி மண்ணை எடுத்து அதையும் மூடினார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கூடப் பிறந்தவன், கடலூரில் இருக்கிறவன், சிங்கப்பூர்க்காரனுக்கும் பின்னால் வருகிறான். ஒருவர் செருமினார். இன்னொருவர், "விசேஷத்த முடிச்சுட்டு வராரு போலிருக்குது" என்று யாருக்கும் சொல்லாத மாதிரிச் சொன்னார்.

கொளஞ்சியப்பன் மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். அவர் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர் அல்லர். அன்றைக்குச் சத்தமாகவே சொன்னார்.

"மச்சான் விசேஷத்தக் காத்தாலயே நிறுத்திட்டாரு. கோடியையும் ஆள் கிட்ட குடுத்தனுப்பிட்டாரு. ஆலப்பாக்கத்துல ரோட்டு வேல, வண்டி மாட்டிக்கிச்சு. என்னா பண்ணுவாரு?"

எல்லாருடைய கண்களும் பொன்னுரங்கத்தின் மேல் வந்தன. அவர் தலையை ஆட்டினார். ஆமாம், ரோட்டு வேலை என்று வாய் வேறு சொன்னது. பக்கத்தில் நின்ற சேரன் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

மொட்டையடித்த தலையோடு இளவரசு வந்தான். விமானத்தில் வந்த கால்சட்டையின் கால்களில் திருச்சிச் சாலையின் தூசி இன்னும் இருந்தது. மேலே வேட்டியைச் சுற்றியிருந்தான். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க மாமா. ஒங்கள கேக்காம நானே டிக்கெட்டு போட்டுட்டேன். கூட வேலை பாக்குற பையன்தான் திருச்சி இருக்குதுன்னான். நீங்க பாவம், எனக்காக சென்னைக் கணக்கு போட்டுக்கினு இருந்திருப்பீங்க. எறங்குன ஒடனே ஒங்களுக்குத்தான் கூப்ட்டேன்."

அவன் அப்படியே அவர் தோளில் சாய்ந்து அழுதான். பன்னீர் வாசனை அவனுக்கு எட்டாமல் இருக்க வேண்டுமே என்று பொன்னுரங்கம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற எதையும் விட அந்த நேரத்தில் அவர் கவலைப்பட்டது அதற்குத்தான். தங்கை பிள்ளையின் முதுகைத் தடவிக் கொடுக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை.

கொள்ளி வைத்தார்கள். திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள். எல்லாரும் வாய்க்காலில் தலை முழுகினார்கள். பொன்னுரங்கம் சட்டையோடு இறங்கினார். மற்றவர்கள் கரையேறிய பிறகும் தண்ணீருக்குள் நின்று சட்டையைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் பார்த்துவிட்டுப் பந்தலில் உட்கார்ந்தபோது பேச்சு பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிற்று. ராஜாமணியின் பெண் மஸ்கட்டில் இருந்தாள். பெரியம்மா காரியத்துக்கு வரவேண்டும் என்று அழுகிறாளாம். எந்த வழியாக வந்தால் சீக்கிரம், எத்தனை மணி நேரம் ஆகும் என்று ராஜாமணி கேட்டார். "ஃப்ளைட்டு விஷயம் அண்ணன் சொன்னா சரியா இருக்கும்" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று பொன்னுரங்கத்துக்குத் தெரியவில்லை. பத்து முகங்கள் அவரைப் பார்த்தன. மஸ்கட் நாலு மணி நேரம். கேட்கும் முன்னாலேயே வந்து நிற்கிற பதில், அன்றைக்குத் தொண்டையைத் தாண்டவில்லை.

"இளவரசையே கேளுங்க" என்றார். "அவனுக்குத்தான் சரியா தெரியும்."

இருட்டுகிற நேரத்தில் கிளம்பினார்கள். அவர் சொல்லியிருந்த கணக்குப்படி என்றால், லோகநாயகியை அப்போதுதான் எடுத்திருப்பார்கள். கொளஞ்சியப்பன் வழியனுப்பக் கார் வரைக்கும் வந்தார். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் பொன்னுரங்கம் ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. வழியில் துண்டு நழுவியிருந்தது. பின் சீட்டுக்குக் கீழே பையும், பையின் மேல் குங்குமமும் தெரிந்தன.

கொளஞ்சியப்பன் அதைப் பார்த்தார். பந்தலில் இருந்தவர்களுக்குத் தெரியாதபடி ஓர் அடி முன்னால் வந்து கதவை மறைத்து நின்றுகொண்டார்.

"தட்டு மாத்தியாச்சா மச்சான்?" என்றார் மெதுவாக.

பொன்னுரங்கம் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆச்சு."

"ம். ராத்திரியெல்லாம் அதையேதான் கேட்டுக்கினு கெடந்தா. விடிஞ்சதும் போன் வரும், விடிஞ்சதும் போன் வரும்னு." கொஞ்ச நேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் போட்ட கோடி சேரன் நிச்சயத்துக்குன்னு அவளே எடுத்து வெச்சது. பீரோவுல புதுசா அது ஒண்ணுதான் இருந்துச்சு. ஒங்கிட்ட கலர சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கி வெச்சிருந்தா."

பொன்னுரங்கத்துக்கு அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அந்தத் திருச்சி விமானம் முதல் வரியில் இருந்தது மாப்ள என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். இந்த மனிதர் இன்றைக்கு ஊரின் முன்னால் தனக்காகச் சொன்ன பொய்யின் மேல், இன்னும் ஒரு சுமையைத் தூக்கி வைத்துவிட்டுத் தான் லேசாகிப் போய்விடுவதா என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டார். மூடியது அவருக்காகவா, தனக்காகவா என்பது அப்போதும் அவருக்குத் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

"அத வீட்ல பத்திரமா வை" என்றார் கொளஞ்சியப்பன். "பதினாறு அன்னிக்கு அவ படத்துக்கு முன்னாடி படையல்ல வெப்போம். அண்ணன் வீட்டுப் பொடவ அவளுக்குச் சேர வேணாமா?" பையைத் தொடவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். சாத்திவிட்டு, ஜன்னலில் குனிந்து, "இந்தத் தடவ மட்டும் முன்னாடி நாளே வந்துடு மச்சான்" என்றார்.

கார் பி.முட்லூரைத் தாண்டியது. மங்கலத்திடமிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்து நின்றது. கார்த்திகேசனிடமிருந்தும் ஒன்று வந்தது. செய்தி அங்கேயும் போய்விட்டிருக்கும். பொன்னுரங்கம் எடுக்கவில்லை. புதுச்சத்திரத்தில் ரயில் கேட் போட்டிருந்தார்கள். சேரன் எஞ்சினை அணைத்தான். பக்கத்து வண்டிகளும் ஒவ்வொன்றாக அடங்கின.

"பொண்ணு வீட்டுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்" என்றான் சேரன். "எல்லாத்தையும் சொல்லிடுவேன். அதுக்கப்புறம் அவுங்க இஷ்டம்."

"சொல்லு" என்றார்.

"பதினாறுக்கு நான் மூணு நாள் முன்னாடியே போயிடுறேன். அத்தானுக்கு ஒத்தாசையா இருக்கும். நீங்க எப்ப முடியுதோ வாங்க."

ரயில் வந்தது. வெளிச்சமுள்ள ஜன்னல்கள் வரிசையாக ஓடிக் கடந்தன. கேட் திறந்ததும் சேரன் வண்டியை எடுக்கப் போனான். பொன்னுரங்கம் அவன் கைமேல் கை வைத்தார்.

"நானும் ஒங்கூடவே வரேன்" என்றார்.

பின்னால் இருந்த லாரிக்காரர் ஒலிப்பானை அழுத்தினார். சேரன் கியரை மாற்றுகிற சாக்கில் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, கடலூரைப் பார்க்க வண்டியை விட்டான்.